என் எடைக்கேற்ற ஸ்கீ

முதலில் நான் குறை சொன்னது பனியில் சறுக்கும் ஸ்கீப் பலகையின் நீளத்தை. இரண்டாவது முறையும் அதைத்தான் சொன்னேன். அப்போது கடைக்காரப் பெண் என்னை எடை மெஷினில் ஏறி நிற்கச் சொல்லியிருக்காவிட்டால், இன்னும் எத்தனை சென்டிமீட்டர் குறைத்துக்கொண்டே போயிருப்பேனோ தெரியவில்லை.

மகள் படிப்புக்காக டெக்சாஸ் போன வருடம், கலிபோர்னியாவின் பிளசன்டனில் எங்கள் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. சனிக்கிழமை காலைகளில் நானும் கணவரும் ஆளுக்கொரு அறையில், ஆளுக்கொரு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். அப்போதுதான் ஆபீஸ் தோழி என்னைப் பனிச்சறுக்குக்குக் கூப்பிட்டாள். மதுரைக்காரி. ஜெர்சி சிட்டியில் வேலை பார்த்த காலத்தில் வெர்மான்ட் மலைகளுக்குப் போய் ஸ்கீ பழகியவள். இங்கே மாற்றலாகி வந்தபிறகு குளிர்காலம் முழுக்க தாஹோ மலைகள் பக்கம்தான் கிடப்பாள்.

"ஒரு வாட்டி வந்து பாருப்பா. புடிக்கலன்னா கார்லயே உக்காந்து காபி குடி" என்றாள்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. தாம்பரத்தில் வளர்ந்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வரும்வரை ஐஸை ஃப்ரீசரில் மட்டுமே பார்த்தவள். ஆனாலும் போனேன். பிடித்துவிட்டது.

அவள் பழகியிருந்தது டெலிமார்க். சாதாரண ஸ்கீயில் பூட்ஸ் முழுதும் பலகையோடு பூட்டிக்கொள்ளும். இதில் விரல் பக்கம் மட்டும்தான் பூட்டு, குதிகால் தூக்கிக்கொண்டு வரும். வளைந்து திரும்ப வேண்டுமென்றால் ஒரு காலை முன்னே தள்ளி, பின்னங்காலை மடக்கி, கிட்டத்தட்ட முழங்கால் போட்டபடி சறுக்க வேண்டும். பிறகு எழுந்து, கால் மாற்றி மறுபடி இறங்க வேண்டும். மலை அடிவாரம் வரை இறங்கி எழுந்து, இறங்கி எழுந்து.

"நீங்க சர்ச்ல முழங்கால் போடுவீங்கள்ல, அதேதான். உனக்கு ஈசியா வந்துடும் பாரு" என்று கிண்டல் செய்வாள். நாங்கள் சி.எஸ்.ஐ. குடும்பம்.

பெர்க்லி பக்கம் ஒரு கடையில் சீசன் முழுவதற்கும் ஸ்கீ வாடகைக்கு எடுத்தோம். நீளம் ஒத்துவரவில்லையென்றால் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம். கடையில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும், காதில் வரிசையாக வளையங்கள். என் உயரம் கேட்டாள், எடை கேட்டாள், முதுகில் எவ்வளவு சுமப்பாய் என்றும் கேட்டாள். உயரத்தை மட்டும் வைத்து நீளம் பார்ப்பது தப்பு, ஸ்கீக்கு உன் உயரம் தெரியாது, எடைதான் தெரியும் என்று விளக்கினாள். நம் எடை அழுத்தும்போதுதான் பலகை வளைந்து திரும்புமாம். எடைக்கு மீறிய நீளமென்றால் வளையாது. குறைந்த நீளமென்றால் புதுப் பனியில் முங்கிப்போகும்.

என் எடையை நூற்று முப்பத்தெட்டு பவுண்டு என்று சொன்னேன். அவள் எடுத்துக் கொடுத்தது நூற்று அறுபத்து நான்கு சென்டிமீட்டர் ஸ்கீ. நிறுத்திப் பார்த்தால் என் உச்சந்தலையோடு சரியாக நின்றது. அந்தக் குளிர்காலம் முழுக்க அதில்தான் பழகினேன். லிஃப்டில் ஏறி, சீராக்கி வைத்திருக்கும் சரிவுகளில் இறங்கினேன். விழுந்தேன், எழுந்தேன், சீசன் முடிவதற்குள் தொடர்ச்சியாகப் பத்துப் பன்னிரண்டு வளைவுகள் போட்டேன். அந்த நீளத்தைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இருக்கவில்லை.

அடுத்து வந்த கோடையிலிருந்தே நான் இளைக்க ஆரம்பித்தேன்.

அந்த மாதங்களில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பழைய பிளவுஸ்கள் உடம்புக்குச் சேர்ந்தன. பிரியாணி ஒரு தட்டு முடித்து இன்னொரு தட்டு போட்டுக்கொள்வேன், உடம்பில் ஒட்டவே ஒட்டாது. சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் ஆன்ட்டிகள் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள்.

"என்னம்மா சீக்ரெட்? எங்களுக்கும் சொல்லேன்!"

"ஸ்கீயிங் ஆன்ட்டி" என்பேன் பெருமையாக.

கிறிஸ்மஸுக்கு வந்த மகள் என்னைக் கட்டிப்பிடித்து, "அம்மா, யூ லுக் அமேசிங்!" என்றாள். ஒரு போட்டோ எடுத்து அவள் சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பினாள்.

வேறு சில மாற்றங்களும் இருந்தன. எனக்குக் குளிரே தெரியவில்லை. டிசம்பரில் ஹீட்டரை அணைத்துவிடுவேன். கணவர் ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டுக்கொண்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து, "இது வீடா, இல்ல கோல்ட் ஸ்டோரேஜா?" என்று கேட்பார். காபி ஊற்றும்போது கை லேசாக நடுங்கும். படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். என் வயதில் எல்லாப் பெண்களும் இதையெல்லாம்தானே சொல்கிறார்கள், மெனோபாஸ் ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். கையில் கட்டியிருந்த வாட்ச் அவ்வப்போது அதிர்ந்து, இதயத்துடிப்பு அதிகமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அதிர்ந்ததால், அது கெட்டுப்போய்விட்டது என்று கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன்.

அந்தச் சீசனுக்கும் அதே நூற்று அறுபத்து நான்கைத்தான் வாடகைக்கு எடுத்திருந்தேன். ஜனவரியில் தோழி என்னை முதன்முதலாக பேக்கன்ட்ரிக்கு அழைத்துப்போனாள். லிஃப்ட் கிடையாது, கூட்டம் கிடையாது. ஸ்கீயின் அடியில் மயிர்ப்பட்டை போன்ற ஒன்றை ஒட்டிக்கொண்டு, வழுக்காமல் மலையேற வேண்டும். உச்சியில் அதை உரித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மரங்களுக்கு நடுவே இறங்க வேண்டும்.

ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. ஜாக்கெட்டைக் கழற்றினேன். அப்புறம் உள்ளே போட்டிருந்த ஸ்வெட்டரையும் கழற்றினேன். தோழி கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏய், என்னப்பா இது, பீச்சுக்கா வந்திருக்க?"

"எனக்கு வேர்க்குது."

"ஃபிட்டாயிட்ட, அதான். மெட்டபாலிசம்!" என்றாள்.

உச்சியிலிருந்து முதல் வளைவுக்காகப் பின்னங்காலை மடக்கினேன். மடங்கியது. எழ முடியவில்லை. தொடை வெடவெடவென்று ஆடியது. அப்படியே முழங்காலிட்ட நிலையில் நேராகப் போய் ஒரு பைன் மரத்தின் அடியில் விழுந்தேன். எழுந்து மறுபடி முயன்றேன். மறுபடியும் அதேதான். போன வருடம் தூக்கத்தில்கூடச் செய்திருப்பேன். இப்போது ஒவ்வொரு முறையும் இறங்கினால் இறங்கினதுதான். கடைசியில் மலைமுழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகச் சறுக்கி, உட்கார்ந்து, உருண்டு அடிவாரம் வந்துசேர்ந்தேன்.

தோழி என் ஸ்கீயைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாள். "மரத்துக்கு நடுவுல திரும்பறதுக்கு இது ரொம்ப நீளம்ப்பா. ஏறுறதுக்கும் வெயிட். இப்படி ஏறி இறங்குற டூரிங்குக்குக் கொஞ்சம் குட்டையாதான் வேணும். மாத்திடு."

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? தப்பு என்னிடம் இல்லை.

கடைக்குப் போய் நூற்று ஐம்பத்தாறு வாங்கிக்கொண்டேன். புருவம் வரை வந்தது. எடை மாறியிருக்கிறதா என்று கடைப்பெண் கேட்டபோது, கொஞ்சம் குறைந்திருக்கலாம் என்றேன். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் பேட்டரி தீர்ந்து வருடக்கணக்கில் கட்டிலுக்கடியில் கிடந்தது.

புது ஸ்கீயில் இன்னும் மோசம். இம்முறை ஏறும்போதே இரண்டு தடவை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கும்போது மூன்று வளைவுகூடப் போடவில்லை. தோழிக்கும் புரியவில்லை. "பூட்ஸ பூட்டுற பைண்டிங் எங்க மாட்டிருக்காங்கன்னு பாக்கணும். சென்டர் தப்பா இருக்கும்" என்று இழுத்தாள். அவள் என் காலுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நற்கருணை. எல்லோரும் வரிசையாகப் போய் பீடத்தின் முன்னால் முழங்காலிட்டோம். அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். என்னால் எழ முடியவில்லை. கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு என்னையே மேலே இழுத்தேன். அடுத்த வரிசைக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். கணவர் என் முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டார். "என்ன ஆச்சு?"

"போன வாரம் மலை ஏறினதுல மசில் புடிச்சிருக்கு."

"ஒரு வாரமாவா?"

"ஸ்கீ சரியில்லங்க. சனிக்கிழமை போய் மாத்தணும்."

அந்தச் சனிக்கிழமை அவரும் கூட வந்தார். வழக்கமாக வரமாட்டார். கடைகளில் நிற்பது அவருக்குப் பிடிக்காத விஷயம்.

கடைப்பெண்ணிடம் இன்னும் குட்டை வேண்டும், நூற்று நாற்பத்தொன்பது கொடு என்றேன். அவள் முகம் சுளித்தாள். நீ சொல்லியிருக்கும் எடைக்கு, முதுகில் பையும் வைத்துக்கொண்டு அந்த நீளத்தில் போனால் புதுப் பனியில் மூழ்கிவிடுவாய், அது கிட்டத்தட்டச் சிறுபிள்ளைகள் போடும் அளவு என்றாள். நான் விடவில்லை. சரி, ஊகமெல்லாம் வேண்டாம், மலைக்குப் போகும் கோலத்திலேயே எடை பார்த்துவிடலாம் என்று சொல்லி, பார்சல்கள் நிறுக்க வைத்திருந்த பெரிய மெஷினைக் காட்டினாள்.

பூட்ஸ் போட்டிருந்தேன். அவளே ஒரு பையில் மண்வெட்டி, கயிறு, தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்து முதுகில் மாட்டிவிட்டாள். ஏறி நின்றேன்.

நூற்று முப்பத்து மூன்று.

அவள் மெஷினை ஒரு தட்டு தட்டினாள். என்னை இறங்கச் சொல்லி, தானே ஏறிப் பார்த்தாள். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது என்றாள். கணவரும் ஏறிப் பார்த்தார். அவர் எடை சரியாகத்தான் காட்டியது. பிறகு நான் பையையும் பூட்ஸையும் கழற்றிவிட்டு, வெறும் சாக்ஸோடு ஏறினேன். நூற்றுப் பன்னிரண்டு.

மலைச்சுமை முழுவதையும் ஏற்றிக்கொண்டுகூட, வெறும் உடம்போடு போன வருடம் நான் இருந்த எடையை எட்டவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே சிரித்தேன். "அப்ப நான் சொன்னது கரெக்ட்தான? எனக்குக் குட்டை ஸ்கீதான் வேணும்!" என்று திரும்பினேன். கணவர் சிரிக்கவில்லை. அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. வெளுத்துப்போயிருந்தது.

"நீ சாப்பிடறத நான் டெய்லி பாக்கறேன்" என்றார். "என்னைவிட அதிகமா சாப்பிடற. அதெல்லாம் எங்க போகுது?"

கடைப்பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவளும் கையில் எடுத்திருந்த ஸ்கீயைத் திரும்பச் சுவரில் மாட்டிவிட்டாள். முதலில் டாக்டரைப் பார், ஸ்கீ எங்கேயும் போகாது என்றாள்.

காரில் போய் உட்கார்ந்ததும் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். அவர் கம்ப்யூட்டர்காரர், டாக்டரெல்லாம் இல்லை. எண்ணிக்கொண்டே வந்தவர் பாதியில் எண்ணிக்கையைத் தவறவிட்டு, மறுபடி ஆரம்பித்தார். "என்னது இது... என்னது இது..." என்று அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. வாட்ச் எங்கே என்று கேட்டார். டிராயரில் இருக்கிறது, கெட்டுப்போய்விட்டது என்றேன். எப்படிக் கெட்டது என்றார். சும்மா சும்மா ஹார்ட் ரேட் அதிகம்னு சொல்லுது என்றேன். சொல்லிமுடித்த பிறகுதான் என் காதிலேயே அந்த வார்த்தைகள் விழுந்தன.

கணவர் அங்கேயே போனை எடுத்து டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினார்.

திங்கட்கிழமை காலை டாக்டர் பார்த்தார். என்னை நெடுநாளாகத் தெரிந்தவர். கழுத்தைத் தடவிப் பார்த்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, புறங்கைகள்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். ஃபேன் காற்றில் ஆடுவதுபோலத் தாள் ஆடியது. அந்த அறையில் ஃபேன் இல்லை. பிறகு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து நில்லுங்கள் என்றார்.

இடுப்பு பாதி எழுந்தது. அப்படியே திரும்ப விழுந்தேன். இன்னொரு முறை முயன்றேன். விழுந்தேன்.

அது ஒரு சாதாரண நாற்காலி. பனி இல்லை, சரிவு இல்லை, காலில் எந்தப் பலகையும் இல்லை. நான் அந்த நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

தைராய்டு அளவுக்குமீறி வேலை செய்துகொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனை அதை உறுதிப்படுத்தியது. உடம்பு தன்னைத்தானே எரித்துக்கொண்டிருக்கிறது, கொழுப்பை மட்டுமல்ல, தொடையிலும் இடுப்பிலும் உள்ள தசையையும் சேர்த்து எரிக்கிறது என்று டாக்டர் விளக்கினார். அதனால்தான் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. இதயமும் மாதக்கணக்கில் ஓடுகிறவளின் இதயம்போல அடித்துக்கொண்டிருக்கிறது. கடைசியாக எப்போது கடுமையாக உடற்பயிற்சி செய்தீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். இரண்டு வாரத்துக்கு முன்னால், எட்டாயிரம் அடி உயரத்தில், பனியில், முதுகில் பையோடு மலையேறினேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கணவரைப் பார்த்தார். அப்புறம் மறுபடி என்னைப் பார்த்தார்.

"மேலே மயங்கி விழுந்திருந்தால் யார் தூக்கி வந்திருப்பார்கள்?" என்று கேட்டார். அன்றே இதயத்துக்கான பரிசோதனை, அன்றே மாத்திரை. வீட்டு மாடிப்படியைக்கூடக் கொஞ்ச நாளைக்கு ஏறாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

விஷயத்தைத் தோழியிடம் ஆபீஸ் பார்க்கிங்கில் வைத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் சட்டென்று என் கார் பானெட்மேல் சாய்ந்துகொண்டாள்.

"நான் உன்ன மலைமேல இழுத்துட்டுப் போயிருக்கேன்ப்பா" என்றாள். "மூச்சு வாங்கறப்பல்லாம் 'கம் ஆன், கம் ஆன்'னு கத்திட்டிருந்தேன். ஐயோ!"

"உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியல."

"ஸ்வெட்டர கழட்டினியே அந்தக் குளிர்ல. அப்பகூடத் தோணலையே எனக்கு..."

மகளிடமும் போனில் சொன்னேன். சின்னக் குரலில், "பட் ஐ டோல்ட் யூ யூ லுக்ட் அமேசிங்" என்றாள். ஏதோ அவள்தான் வியாதியைக் கொடுத்துவிட்டதுபோல. கிறிஸ்மஸ் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன் அன்றைக்கு. கன்ன எலும்புகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. கண்கள் ஏதோ பயங்கரத்தைப் பார்த்ததுபோல அகலமாகத் திறந்திருக்கின்றன. அந்தப் போட்டோவுக்கு எத்தனை பேர் இதயக்குறி போட்டிருந்தார்கள்! நானே அதைச் சட்டம் போட்டு ஹாலில் வைத்திருந்தேன். எடுத்து உள்ளே வைத்தேன்.

இதிலெல்லாம் என்னை உலுக்கிப்போட்டது சர்ச்சில் ஒரு ஆன்ட்டி சொன்னது. "தைராய்டா? தைராய்டுன்னா குண்டாகத்தானம்மா செய்வாங்க?" என்று ஆச்சரியப்பட்டார். இது வேறு வகை ஆன்ட்டி, இளைத்துவிடும் என்றேன். ஒரு பெருமூச்சு விட்டு, "வந்தா அந்த மாதிரி வரணும்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன வருடம் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மாத்திரைகள் வேலை செய்தன. முதலில் படபடப்பு அடங்கியது. பிறகு கை நடுக்கம் போனது. ஒருநாள் காலை, "இங்க ஏன் இவ்ளோ குளிருது?" என்று நான் கேட்டபோது, கணவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் ஹீட்டரைப் போட்டார். எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஏறுகிறது என்று கொண்டாடிய ஒரே வீடு பிளசன்டனில் எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும். கால்களுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. சமையலறையில் நாற்காலி போட்டு, கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்து பழகினேன்.

அதற்கடுத்த குளிர்காலம் டாக்டர் சம்மதித்தபிறகு மூவருமாகக் கடைக்குப் போனோம். கடைப்பெண் என்னைப் பார்த்ததும் நீளத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. எப்படியிருக்கிறாய் என்று கேட்டாள். நானே போய் மெஷினில் ஏறினேன். நூற்று முப்பத்து நான்கு. கணவர் குனிந்து எண்ணைச் சரிபார்த்தார். கடைப்பெண் புதுப் பனியை நினைத்து நீளம் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னாள், தோழி மரங்களை நினைத்துக் கொஞ்சம் குறைவாகச் சொன்னாள். கடைசியில் நூற்று அறுபதில் வந்து நின்றார்கள். பலகையைப் பக்கத்தில் நிறுத்தினால் என் புருவத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. புதுப் பனியில் தாங்கும், மரங்களுக்கு நடுவே திரும்பவும் செய்யும் என்று இருவருமே ஒத்துக்கொண்டார்கள்.

அந்த வருட முதல் ஏற்றத்துக்கு, தோழி ரொம்பச் சாதுவான ஒரு சரிவைத் தேர்ந்தெடுத்திருந்தாள். கணவரும் வந்தார். அவருக்கு ஸ்கீ வராது. காலில் அகலமான பனிக்காலணிகளைக் கட்டிக்கொண்டு, குளிரைத் திட்டியபடியே எங்கள் பின்னால் ஏறினார். நான் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கழுத்தில் விரல்வைத்துத் துடிப்பை எண்ணினேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. தோழி முன்னால் நின்று காத்திருந்தாள். "கம் ஆன்" சொல்லவில்லை.

உச்சியில் ஒட்டுப்பட்டையை உரித்துப் பைக்குள் வைத்தேன். சறுக்க ஆரம்பித்து, பின்னங்காலை மடக்கினேன். முழங்கால் பலகையைத் தொடும் அளவுக்கு இறங்கியது. எழுந்தது. கால் மாற்றினேன். அதுவும் எழுந்தது. ஐந்தாறு வளைவுகளுக்குப் பிறகு ஒரு புதரில் போய் மாட்டிக்கொண்டு தலைகுப்புற விழுந்தேன். காதுக்குள்ளெல்லாம் பனி.

"அடி பட்டுச்சா?" என்று மேலே இருந்து கணவர் அலறினார்.

"இல்ல, நானே திரும்பத் தெரியாம விழுந்தேன்" என்று கத்திவிட்டு, தடியை ஊன்றி எழுந்து நின்றேன்.